பாவில் ஏறிய வெந்தயக் கஞ்சி

ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி துணை

மேல்திருத்தணி,
விய வருஷம் வைகாசி மாதம் 18ந் தேதி

அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் சகல சம்பத்துடன் வாசம் செய்யும் கோதண்டம் பாவா அவர்களுக்கு, தங்கள் தங்கை தாயாரம்மாளைக் கைப்பிடித்து இருபத்தொன்பது வருஷமாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஆதிகேசவன் அநேக நமஸ்காரங்கள் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நாங்கள் க்ஷேமம். அவ்விடம் தாங்களும் தங்கள் வீட்டு அக்காவும் பிள்ளைகளும் க்ஷேமமாயிருக்க மலைமேல் இருக்கிறவன் அருள் செய்வானாக. க்ஷேமம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதினேன். எங்களைப் பற்றி எழுதியதை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை தாயாரு தங்களுக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு வாத்தியார் சம்சாரம் பத்மா எழுதிக் கொடுத்தது. அதில் என்ன எழுதினாய் அம்மா என்று பத்மாவை மரியாதையாகத்தான் கேட்டேன். "அய்யே, அது அவங்க அண்ணனுக்கு எழுதுனது. உங்களாண்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? கல்யாணமான பெண்பிள்ளை புருஷனுக்குத் தெரியாமல் அண்ணனுக்குக் கார்டு போட்டால் 'வந்து என்னை அழைத்துக்கொண்டு போ' என்பதைத் தவிர வேறு என்ன எழுதியிருப்பாள்? ஆகையால் பாவா, தாங்கள் ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுக்கொண்டு காலை வண்டியில் புறப்படுவதற்கு முன் இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட வேண்டியது. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். படித்த பிறகும் தங்கையை அழைத்துப் போகத்தான் வேண்டும் என்று தங்களுக்குத் தோன்றினால் என் தலையெழுத்து என்று இருந்துவிடுகிறேன். ஆனால் தோன்றக் கூடாது.

இது ஆரம்பித்தது தை மாதத்தில், பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலையில். மலை பாதிக்கு மேல் பனியில் மறைந்து கிடந்தது. நான் கம்பளியைக் காதுவரை போர்த்திக்கொண்டு தறிக்குழியில் இறங்கலாமா, இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ராட்டையில் தறிக்கு ஊடைநூல் தார் சுற்றிக்கொண்டிருந்த தாயாரு திடீரென்று ராட்டையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய், அந்தப் பனியில் நின்றுகொண்டு விசிறிக்கொள்ள ஆரம்பித்தாள். நான் ஓடிப்போய் "இன்னாது, இன்னா ஆச்சு?" என்றேன். "நெஞ்சுலேர்ந்து குப்புன்னு மேல ஏறுது. அடுப்புக்குள்ள உக்காந்தாப்புல இருக்குது" என்றாள். முகமெல்லாம் சிவந்து, கழுத்தில் வேர்வை வழிகிறது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தால் காய்ச்சல் இல்லை, ஈரமாக ஜில்லென்று இருக்கிறது. நான் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவருவதற்குள் "குளுருது, அந்தக் கம்பளியக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். ஐந்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கு அந்தக் கம்பளி அவளிடமும் என்னிடமுமாக ஏழு தரம் போய் வந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் பேசவே பயமாக இருந்தது, ஏனென்றால் நான் "இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டதற்கு அவள் தார்க்கட்டையை எடுத்துச் சுவரில் வீசினாள். இருபத்தொன்பது வருஷத்தில் சுவர் மேல்கூட எதையும் வீசாதவள் பாவா.

சும்மா இருக்க முடியுமா? முதலில் நானே யோசித்து, இது சாப்பாட்டுச் சூடு என்று முடிவு செய்தேன். மாசி மாதத்தில் புளியை நிறுத்தினேன். பிறகு மிளகாயை நிறுத்தினேன், கத்தரிக்காயை நிறுத்தினேன், கருவாட்டை நிறுத்தினேன், கடைசியில் வீட்டில் சோறும் மோரும்தான் மிச்சம். அப்போதும் இந்தக் காங்கை, இந்த உடம்புச் சூடு, நிற்கவில்லை. "சூடு எனக்கு, பத்தியம் ஊருக்கா? நீங்க ஏன் பாதியா எளைச்சுப் போறீங்க?" என்று ஒருநாள் எனக்கென்று தனியாகப் புளிக்குழம்பு வைத்தாள். பத்தியத்தைக் கெடுக்கக் கூடாது என்று அதை நான் தொடவில்லை. தொட்டிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்குக் காங்கை காரணமில்லை.

பிறகு எதிர்வீட்டு துளசிங்கத்தைக் கேட்டேன். அவன் தறியில் உட்கார்ந்தபடியே, நாடாவை இந்தப் பக்கம் அடித்து அந்தப் பக்கம் பிடிப்பதற்குள் வைத்தியம் சொல்லிவிடுவான். உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னான். வைத்தேன். எண்ணெய் வழிந்து, அவள் ரவிக்கை, தலையணை, ராட்டையின் கயிறு எல்லாவற்றிலும் ஏறியதுதான் மிச்சம். அடுத்து மலைப்படி ஏறுகிற இடத்தில் வேர், பட்டை பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எல்லப்பனைக் கேட்டேன். அவன் நன்னாரி வேர் கொடுத்தான். அதை ஊறவைத்துக் குடித்ததில் தாயாருவுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது என்று அவளே சொன்னாள். அத்தோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. இதமாக இருப்பதோடு எப்படித் திருப்திப்படுவது, முழுசாக நிற்க வேண்டாமா என்று எல்லப்பனிடம் திரும்பப் போனேன். "அப்படின்னா கத்தாழைச் சோறு குடுங்க. ஏழு தண்ணில அலசிட்டு, மோர்ல போட்டுக் காலையில வெறும் வயித்துல" என்றான். எங்கே கிடைக்கும் என்று கேட்டேன், வேலியோரம் எங்கேயும் கிடைக்கும் என்றான். தங்கள் ரயில் பாதையை விட நல்ல வேலி இந்த ஊரில் ஏது? போய் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்த கற்றாழையில் நாலு மடல் அறுத்துக்கொண்டு வந்தேன். அது ஆனைக் கற்றாழை, கயிறு திரிக்கிற ஜாதி, சோற்றுக் கற்றாழை வேறு என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் நெசவாளி. நல்லவேளை, அவளுக்குக் கொடுக்குமுன் நானே ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். கையும் வாயும் மூன்று நாள் அரித்தது. உதடு வீங்கி நான் பேச முடியாமல் இருந்த அந்த மூன்று நாளும் தாயாருவுக்குக் காங்கை வந்தது மாதிரியே தெரியவில்லை. கற்றாழையை நான் சாப்பிட்டாலும் அவளுக்குப் பலிக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். ரயில்வே சொத்தைத் தொட்டதற்குத் தாங்கள் மன்னிக்க வேண்டியது.

இப்படி இருக்கையில் பங்குனி மாதம் கௌரியம்மாள் வீட்டுக்கு வந்தாள். இந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் எடுத்துப் போட்ட மருத்துவச்சி, எங்கள் மகள் கமலாவையும் அவள்தான் எடுத்தாள். தாயாருவோடு உள்ளே கொஞ்ச நேரம் பேசிவிட்டு வெளியே வந்து, என்னைத் தறிக்கு அந்தப் பக்கமாக அழைத்து நிறுத்தி ஒரு விஷயம் சொன்னாள். அதைத் தங்களுக்கு எழுதலாமா கூடாதா என்று அரைநாள் யோசித்தேன். கூடப்பிறந்தவருக்கு எழுதுகிற சங்கதி இல்லைதான். ஆனால் தங்களுக்கும் வயது ஐம்பத்திரண்டு ஆகிறது, தங்கள் வீட்டிலும் அக்கா இருக்கிறார்கள். "அண்ணே, இது நோவு இல்ல. நாப்பத்தஞ்சு தாண்டுனா பொம்பளைங்களுக்கு மாசா மாசம் வர்றது நின்னு போவும் இல்ல, அப்ப இப்படித்தான் காங்கை அடிக்கும். சிலபேருக்கு ஆறு மாசம், சிலபேருக்கு நாலு வருசம். தானே வந்தது, தானே போயிடும்" என்றாள் கௌரியம்மாள். தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தை மாதத்திலிருந்து நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ அது இல்லை என்று தெரிந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைக் கௌரியம்மாள் பார்த்துவிட்டாள். "வெந்தயம் போட்டுக் கஞ்சி வெச்சுக் குடுங்க, கொஞ்சம் பனைவெல்லம் சேருங்க. மோரு குடுங்க, நன்னாரி குடுக்கறதையும் விடாதீங்க. எல்லாத்துக்கும் மேல அவங்களக் கொஞ்சம் சும்மா விடுங்க" என்றாள். முதல் மூன்றையும் அன்றைக்கே தொடங்கிவிட்டேன்.

வந்தது நோயில்லை என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் மலைக்குப் போனேன். சுவாமிக்குச் சாத்தின சந்தனத்தை இந்த ஊரில் நெற்றியில் இடுகிற வழக்கம் கிடையாது, மருந்தாகத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது என்பது தங்களுக்குத் தெரியாததில்லை. சந்நிதியில் கூட்டம். எனக்குப் பின்னால் நம் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர். "யாருக்கு?" என்று உள்ளேயிருந்து கேட்டார்கள். "என் சம்சாரத்துக்கு. நாப்பத்தேழு வயசு. காங்கை" என்று சத்தமாகச் சொன்னேன். கூட்டத்தில் மெதுவாகச் சொன்னால் காது கேட்குமா? நான் படியிறங்கி வீடு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் இறங்கி வந்துவிட்டது. மறுநாளிலிருந்து தாயாரு தண்ணீருக்குப் போனால் "எப்படிக்கீது காங்கை?" என்று கேட்கிறார்கள். பூக்காரி கேட்கிறாள். மோர்க்காரி கேட்கிறாள். அந்த மோரையே இவளுக்காகத்தான் வாங்குகிறோம் என்று மோர்க்காரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு மோர் விற்கிறாள். அப்படிக் கேட்ட முதல் நாள் சாயங்காலமே தாயாரு சந்தனத் தண்ணீரைக் கையில் வாங்கிக்கொண்டு, "இது என் ஒடம்பு. தெருவுக்கு நேர்ந்து வுட்டதில்ல" என்றாள். சத்தம் போடவில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று அப்போது புரியவில்லை பாவா. இந்த வரியை எழுதும்போது கொஞ்சம் புரிகிறது.

இப்போது நடந்த பெரிய சங்கதிக்கு வருகிறேன். நூல் கிடைக்காத இந்தக் கஷ்ட காலத்தில், எத்தனை நாள் சொசைட்டி வாசலில் நின்று எட்டுப் புடவைக்கு நெடுக்கு இழையாக ஒரு பாவு கிடைத்தது என்று தங்களுக்கு முன்பே எழுதியிருந்தேன். ஆர்.கே.பேட்டையில் நம் கமலாவின் நாத்தனாருக்கு ஆவணியில் கல்யாணம், அதற்கான புடவைகள் இதில்தான் நெய்ய வேண்டும். போன வாரம் கிருத்திகையன்று தறியில் இழை அறாமல் இருக்கப் பாவுக்குக் கஞ்சி போடுவதென்று துளசிங்கமும் நானும் பேசி வைத்திருந்தோம். கிருத்திகையன்று தெருவில் ஜனம் நடமாடுமே என்று தாயாரு சொன்னாள். விடிவதற்குள் முடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். பாவுக் கஞ்சியை முதல்நாளே அவள் அரிசி போட்டுக் காய்ச்சி, கொஞ்சம் கடலை எண்ணெய் விட்டு, ஒரு பானையில் வைத்திருந்தாள். அதே முதல்நாள் நான் வெந்தயக் கஞ்சி வைத்தேன். தினம் தினம் காய்ச்சுவது எதற்கு, ஒரு வாரத்துக்கும் சேர்த்து வைத்துவிட்டால் அவளுக்கும் சிரமமில்லை எனக்கும் சிரமமில்லை என்று, நொய்யும் வெந்தயமும் போட்டு, பனைவெல்லம் முழுசாக ஆறு வட்டு தட்டிப் போட்டு, அதையும் ஒரு பானையில் ஊற்றி வைத்தேன். இரண்டும் ஒரே குயவன் செய்த பானை. இரண்டுக்கும் மேலே தட்டு மூடியிருக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

கோழி கூப்பிடத் தெருவில் கவைக் கம்புகள் நட்டு, பாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்துக் கட்டினோம். நான் வீட்டுக்குள் போய், முதலில் மருந்து, பிறகு வேலை என்று ஒரு கிண்ணம் மொண்டு தாயாருவுக்குக் கொடுத்தேன். குடித்தாள். "இன்னிக்குக் கஞ்சி நல்லாக்கீது. கசப்பே இல்ல" என்றாள். எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா! இன்னொரு கிண்ணம் கொடுத்தேன், அதையும் குடித்தாள். பிறகு மற்ற பானையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, துளசிங்கம் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாகக் கஞ்சி தடவுகிற குச்சைத் தோய்த்துத் தோய்த்துப் பாவு முழுக்கத் தடவினோம். நடுவில் துளசிங்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னாண்ணே, வெந்தய வாசனை அடிக்குது" என்றான். "ஆங், உங்க அண்ணி இப்பத்தான் குடிச்சா, அதான்" என்றேன். இழை மேல் குச்சு வழுவழுவென்று ஓடியது. என் ஆயுசில் இவ்வளவு அழகாகக் கஞ்சி ஏறினதில்லை என்று துளசிங்கத்திடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

வெயில் வந்தது. முதலில் ஈ வந்தது. அப்புறம் எறும்பு, கவைக் கம்பு வழியாக வரிசையாக. இந்த எறும்புக்கு என்ன வந்தது என்று நான் தட்டிக்கொண்டிருக்கும்போதே, மலையடிவாரத்துக்கு மேய்ச்சலுக்குப் போகிற பெருமாளின் ஆடுகள் தெருமுனையில் திரும்பின. தினம் இதே தெருவில்தான் போகும், பாவு போட்டிருந்தால் ஓரமாகப் போய்விடும். அன்றைக்கு முதல் ஆடு நின்றது. முகர்ந்தது. நாக்கை நீட்டிப் பாவை ஒரு நக்கு நக்கிவிட்டு எங்களைப் பார்த்தது. பிறகு அந்த நாற்பது ஆடும் பாவுக்கு இரண்டு பக்கமும், பந்தியில் உட்கார்ந்த மாதிரி நின்றுவிட்டன பாவா. பெருமாள் கோலைத் தட்டுகிறான், ஒன்றும் நகரவில்லை. துளசிங்கம் கத்துகிறான். கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்த சனம், மொட்டை அடித்துச் சந்தனம் பூசின பிள்ளைகள், தெலுங்குக்காரர்கள், எல்லாரும் காவடியோடு நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். நான் என்ன செய்கிறேன்? கஞ்சிப் பானையில் விரலை விட்டு நக்கிப் பார்க்கிறேன். தித்தித்தது.

சத்தம் கேட்டுத் தாயாரு ஓடி வந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுக்குக் காங்கை. முகம் செக்கச்செவேலென்று, வேர்வை சொட்ட, கையில் முறத்தோடு வந்தவள் ஆடுகளுக்கு நடுவே புகுந்தாள். முறத்தால் நாலு போடு போட்டாள். எல்லா ஆடும் விலகிவிட்டது. பாவைப் பார்த்தாள், இழையோடு இழை ஒட்டி முழுசும் பாய் மாதிரி விறைத்து நின்றது. என் விரலைப் பார்த்தாள், அது இன்னும் என் வாயில் இருந்தது. "அப்ப நான் குடிச்சது இன்னா?" என்று கேட்டாள். "பாவுக் கஞ்சி" என்றேன். "ரெண்டு கிண்ணமா?" என்றாள். ஆங் என்றேன். என்னை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அப்படியே தெருவில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். தை மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எட்டுப் புடவைப் பாவு போனாலும் போகட்டும் என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது நிஜம்.

பாவு போகவில்லை, அதுவும் அவளால்தான். உடனே பாவைச் சுருட்டி ஆற்றுக்குத் தூக்குங்கள் என்றாள். நந்தியாற்றில் நம் அதிர்ஷ்டத்துக்கு இடுப்பளவு மடு ஒன்று வற்றாமல் இருந்தது. அதில் இறங்கி, பாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒரு இழை அறாமல் அலசினாள். துளசிங்கமும் நானும் கரையில் நின்று பிடித்துக்கொண்டோம். உச்சி வேளை வரைக்கும் தண்ணீரிலேயே நின்றாள். ஒரு தரம்கூடக் காங்கை வரவில்லை. "இப்படியே வுட்டுட்டா நல்லாருக்கும்" என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டாள். அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். "தண்ணிதான் மருந்துன்னு தெரிஞ்சுபோச்சு, இனிமே தினம் காலையில உன்னைக் கூட்டிக்கினு வந்து உச்சி வரைக்கும் நிக்க வெச்சுடறேன். அதுக்குமேல சித்தூர்ல ஒரு வைத்தியர் பஸ்பம் தர்றாராம், திங்கட்கிழமை போயி..." என்றேன். அவள் பாவைப் பிழிந்துகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த வீட்ல ரெண்டு பேர்ல ஒருத்தர் பத்து நாள் இல்லாம இருந்தாத்தான் எனக்கு இது அடங்கும்" என்றாள். செவ்வாய்க்கிழமை கார்டு போய்விட்டது.

இதுதான் பாவா நடந்தது. என் பேரில் தப்பு இருக்கிறது. ஆனால் நான் ஏன் இப்படி ஓடினேன் என்பதையும் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் அண்ணி இப்படித்தான் ஒரு மார்கழியில் உடம்பு சுடுகிறது என்று சொன்னாள், ஒன்றுமில்லை வெயிலில் நின்றிருப்பாய் என்று வீட்டில் எல்லாரும் சொன்னோம், ஒன்பதாம் நாள் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தாயாரு பனியில் முறத்தோடு நின்றபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து நான் பயந்துபோயிருக்கிறேன். நோயில்லை என்று கௌரியம்மாள் சொன்ன பிறகும் அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை. இதை அவளிடம் சொல்லத் தெரியாமல் விளக்கெண்ணெயும் கற்றாழையுமாகக் கொண்டுவந்து கொட்டினேன். அவள் அரக்கோணம் வந்துவிட்டால் தார் சுற்ற ஆளில்லை என்பது ஒரு கஷ்டமே இல்லை, துளசிங்கம் வீட்டில் சுற்றித் தருவார்கள். எனக்குப் பசிக்கிறதா இல்லையா என்றே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பத்து நாள் நான் இந்த வீட்டில் யாரைப் பார்த்துப் பேசுவது? ஆகவே தாங்கள் மனமிரங்கி, ஞாயிற்றுக்கிழமை வராமல் இருக்க வேண்டியது. இனிமேல் வைத்தியம் என்ற பேச்சை எடுக்க மாட்டேன் என்று தணிகைமலை சாட்சியாக எழுதித் தருகிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். சிரஞ்சீவி பாலசுப்பிரமணியனுக்கு வேலை உயர்வு கிடைத்ததாகக் கேள்விப்பட்டோம், தீர்க்காயுசாக இருந்து வம்சம் விளங்கட்டும். வேறு விசேஷம் இல்லை, இருந்த விசேஷத்தை எல்லாம் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைத் தங்களிடம் அனுப்ப மனமில்லாத
ஆதிகேசவன்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் தாங்கள் அடித்துவிட வேண்டியது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலைநிமிர்ந்தால் தாயாரு எதிரே நிற்கிறாள். "காலையிலேர்ந்து இன்னா எழுதிக்கினே கீறீங்க?" என்று கேட்டாள். மறைக்கத் தெரியாமல் முழுசும் படித்துக் காட்டினேன். விசிறிக்கொண்டே கேட்டாள். ரயில் வேலிக் கற்றாழைக்குச் சிரித்தாள். எங்கள் அண்ணியைப் பற்றி வந்த இடத்தில் விசிறி நின்றுவிட்டது. படித்து முடித்ததும், "யாரு போறேன்னு சொன்னது? என் வீட்ட வுட்டுட்டு நான் ஏன் போறேன்? எனக்குக் காங்கை தாங்குது, இந்த மனுசன் வைத்தியந்தான் தாங்கல, இவர ஒரு பத்து நாளு உன் வீட்ல வெச்சுக்கோண்ணான்னுதான் எழுதச் சொன்னேன்" என்றாள். ஆகையால் தாங்கள் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வர வேண்டியது. அழைத்துப் போக வேண்டியது என்னை. பத்து நாளா என்று கேட்டேன். "தையிலேர்ந்து பயந்துக்கினு இருந்தேன்னு எழுதிக்கீறீங்களே, அது மெய்யா?" என்றாள். ஆங் என்றேன். "அப்ப அஞ்சு நாளு போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து இன்னொன்றும் சொன்னாள், அதையும் எழுதச் சொன்னாள்: அரக்கோணத்தில் இருக்கிற அந்த ஐந்து நாளும் அக்காவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதாம், கேட்காமல் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வெள்ளிக்கிழமை காலை முதல் வண்டியிலேயே என்னை ஏற்றி அனுப்பிவிடுங்கள் பாவா.